கன்ட்ரோல் ஃபிலிம்

இருட்டறையில் தமயந்தி கழுவி எடுத்த ஒன்பது ஃபிலிம்களில் எட்டு வெளுப்பாக இருந்தன. ஒன்பதாவது, கன்ட்ரோல், கன்னங்கரேலென்று கறுத்திருந்தது.

அண்டை நாட்டின் அணு உலையில் பாதுகாப்பு போதாது என்று மேலிடத்துக்குக் கவலை பிடித்ததும், காற்றில் கதிரியக்கம் அளக்கக் கல்கத்தாவில் அவசரமாகத் திறந்த அலுவலகம் அது. ஊழியர் எட்டு பேரும் கதிர் பட்டால் கறுக்கும் ஃபிலிம் வைத்த அட்டையை ஆளுக்கொன்று சட்டையில் குத்திக்கொள்வார்கள். கன்ட்ரோல் அட்டை மட்டும் கதிர் படாத இடத்தில் சும்மா இருக்க வேண்டும். அதன் கறுப்பைக் கழித்துத்தான் மற்றவர்களுக்குக் கணக்கு. அலுவலகச் சுவரெல்லாம் ஓதம் என்பதால், தமயந்தி அதை லேக் மார்க்கெட்டில் தன் வீட்டில், மகள் சுப்ரியாவின் கட்டிலை ஒட்டியிருந்த சாமி அலமாரியில் வைத்திருந்தாள். அதைவிடச் சுத்தமான இடம் வேறு எது?

கழித்துப் பார்த்தால் எல்லோருக்கும் பூஜ்யம். மேலிடம் குளிர்ந்துபோகும். ஆனால் அந்தக் கறுப்புக்குள் ஏதோ வெளிறிய கோடுகள், ஒரு குட்டி வளையம். கழுவும்போது நகம் பட்டிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு ஃபிலிமைக் கைப்பையில் போட்டாள். அந்தச் சமாதானம் டிராம் ஏறும் வரைதான் நின்றது.

வீட்டுக்கு வந்தபோது கரண்ட் போயிருந்தது. மழைக்கு முந்தைய புழுக்கத்தில் கீழ்வீட்டுக் கடுகெண்ணெய் நெடி மாடிப்படியெல்லாம் தேங்கி நிற்க, தெருமுனை ஜெனரேட்டரின் உறுமல் சுவர் வழியாக உள்ளங்கால் வரை அதிர்ந்துகொண்டிருந்தது. கணவன் மாதவ் பால்கனியில் உட்கார்ந்திருந்தான். மூன்று மாதமாக அவனுக்குச் சாப்பாடு, தூக்கம் எல்லாம் அங்கேதான். மார்ச்சில் அந்த உலையைப் பார்க்கப் போன அரசுக் குழுவில் அவனும் ஒருவன். முன்பெல்லாம் சாமி அலமாரி முன் கால்மணி நேரம் நின்று சேவிக்கிறவன், திரும்பி வந்ததிலிருந்து அந்தப் பக்கமே போகவில்லை. இன்றுதான் அவளுக்கு அது உறைத்தது.

"அலமாரில என்ன வெச்சிருக்கேள்?"

அவன் திரும்பவில்லை. "அந்த உலைலேர்ந்து ஒரு உலோகத் துண்டு எடுத்துண்டு வந்தோம். அவா உலை சரியில்லேங்கறதுக்கு சாட்சி. ஆபீஸ்ல வெச்சா உங்க மெஷினே காட்டிக் குடுத்துடும்னா."

"அதுக்கு நம்மாத்து அலமாரிதானா கெடச்சது?"

"ஈயப் பெட்டிக்குள்ளதான் இருக்கு. வெளில சொல்லப்படாதுன்னு எழுதி வாங்கிண்டா. அதான் சுப்ரியாவை உங்கம்மாகிட்ட அனுப்புன்னேன். நீதான் கேக்கலை."

கட்டிய புருஷன்! எல்லைக்கு அந்தப் பக்கத்துக் குழந்தைகளுக்காக அறிக்கைகளில் பக்கம் பக்கமாகக் கவலைப்பட்ட அரசாங்கம்! இரண்டும் கைகோத்துக்கொண்டு அவள் குழந்தையின் தலைமாட்டில் அதைக் கொண்டுவந்து வைத்திருந்தன. அவன் மட்டும் பால்கனிக்கு ஒதுங்கிக்கொண்டான்.

மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டு ஓடினாள். பெருமாள் படத்துக்குப் பின்னால் கையை விட்டாள். பெட்டி. கனத்தது. மூடி திறந்திருந்தது.

உள்ளே ஒன்றுமில்லை.

"அம்மா?"

கட்டிலில் சுப்ரியா. ஆறு வயது. ஒரு வாரமாகக் காய்ச்சல். சாதாரண ஜுரம் என்றிருந்தார் டாக்டர்.

"பெட்டில இருந்தது எங்கேடி?"

"என்கிட்டதான். பளபளன்னு இருந்துதே. ராத்திரி அதையும் உன் ஆபீஸ் அட்டையையும் சேத்துப் பிடிச்சுண்டு தூங்குவேன். கார்த்தால அட்டையைத் திருப்பி வெச்சுடுவேன்." குரல் கம்மியிருந்தது. "இன்னிக்கு ஏம்மா அட்டையை எடுத்துண்டு போயிட்டே?"

தமயந்தி கைப்பையைத் துழாவி ஃபிலிமை எடுத்தாள். சுடரின் முன் பிடித்தாள்.

கீறல் இல்லை. கணு. கணுவுக்கு மேல் கணு. சின்னஞ்சிறு விரல் எலும்புகள். ஒன்றில் வளையம்.

தலையணை முழுக்க உதிர்ந்த முடி.

சுப்ரியா போர்வைக்குள்ளிருந்து மூடிய கையை நீட்டினாள். வேனல் கட்டி என்று தமயந்தியே காலையில் சந்தனம் பூசிய கை. பிறந்தநாளுக்கு மாதவ் போட்ட வெள்ளி மோதிரம், வீங்கிய விரலுக்குள் புதைந்திருந்தது.

"இந்தாம்மா, நீயே வெச்சுக்கோ" என்றாள்.

விரல்கள் விரியவில்லை.