மஞ்சள் மீசை வண்டு

விருந்தாளியின் குதிரை கொட்டிலில் நஞ்சு தின்று செத்தது என்ற பேச்சு மொஹாலேயின் பரம்பரையில் எவர்மீதும் எழுந்ததில்லை. இப்போது மலோட்டி மலையூர் முழுக்க அதே பேச்சு. மொஹாலேயின் பெட்டைக்குதிரையோடு சேர்க்க அடிவாரத்திலிருந்து செஃபாலி கொண்டுவந்த பொலிகுதிரை, ஒரே இரவில் வயிற்றை உதைத்துக்கொண்டு மாண்டுபோனது. நாளை ஊர்த்தலைவர் முன் விசாரணை. அதனால் கால்நடை மருத்துவர் லினேயோவை மொஹாலே தானே போய் அழைத்துவந்தார். கான்ஸ்டபிள் மொலிசே அழைக்காமலே வந்திருந்தான்.

குற்றம் சாட்டிய செஃபாலியும் வந்தார். வலக்கையைக் கம்பளிக்குள்ளேயே வைத்திருந்தார். வீட்டுக்காரருக்குக் கைகூடக் கொடுக்கவில்லை. அந்த அவமதிப்பை மொஹாலே பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினார்.

"பாருங்க டாக்டரம்மா." செஃபாலி இடக்கையால் கைபேசியை நீட்டினார். "குதிரை செத்த அன்னிக்கு தீவனத்தொட்டியில எடுத்த படம். கொப்புள வண்டு, குதிரைக்கு நஞ்சு. இவரு போட்ட குதிரைமசால் தீவனத்துல கிடந்துச்சு."

"தொட்டீங்களா?"

"நான் ஏன் தொடுறேன்? பார்த்தேன், படம் எடுத்தேன், அவ்வளவுதான்."

லினேயோ படத்தை விரலால் பெரிதாக்கினார். காய்ந்த தண்டுகளின் மேல் ஒரு கருவண்டு. இறக்கையில் மஞ்சள் பட்டைகள். மீசை நுனியும் மஞ்சள்.

மொஹாலே படத்தைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற மகன் கொபானோவைப் பார்த்தார். போன பந்தயத்தில் இந்தக் குதிரையிடம் தோற்று, மூன்று நாள் யாரோடும் பேசாமல் கிடந்தவன்.

"நம்ம மலையில குதிரைமசால மேயுற வண்டு சாம்பல் நிறம்," என்றார் லினேயோ. "அதுக்குப் பட்டையே கிடையாது. இது பட்டை வண்டு, மீசையும் மஞ்சள். அடிவாரத்துல பீன்ஸ் பூவையும் ரோஜாவையும் தின்னுறது. இந்தக் குளிருக்கு இங்க ஏறி வராது. யாரோ கொண்டுவந்திருக்காங்க."

மொலிசே துள்ளினான். "அப்போ ஆள் கிடைச்சாச்சு! கொபானோ போன வாரம்தானே அடிவாரத்துலேருந்து வந்தான்?"

மொஹாலே நிமிர்ந்து நின்றார். "என் மகன்தான்னா, தலைவர் முன்னால நானே இழுத்துட்டுப் போய் நிறுத்துறேன்."

"அப்பா... நீங்களுமா?"

மொஹாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அவசரப்படாதீங்க," என்றார் லினேயோ. "ஒத்த வண்டு தின்னா குதிரை சாகாது. கை நிறையப் பொடிச்சுக் கொடுத்திருக்கணும். பொடிச்ச விரல் சும்மா இருக்காது, கொப்பளிச்சுடும். ரெண்டு பேரும் கைய நீட்டுங்க."

கொபானோ உடனே நீட்டினான். கடிவாளம் பிடித்துக் காய்த்த விரல்கள், கொப்புளம் எதுவுமில்லை. செஃபாலி அசையவில்லை.

"கம்பளிக்குள்ள இருக்கிற கை, ஐயா."

மெல்ல வெளியே வந்தது அந்தக் கை. விரல் நுனியெல்லாம் கொப்பளித்து உடைந்திருந்தது.

மொலிசேக்குத் தலை சுற்றியது. "தன் குதிரைய தானே எவனாவது கொல்லுவானா?"

"கொல்லக் கொடுக்கல, சூடேத்தக் கொடுத்தாரு. வண்டுப்பொடி கொடுத்தா வீரியம் பொங்கும்னு கீழே இன்னும் நம்புறாங்க. செஃபாலி ஐயா, போன வருஷம் உங்க குதிரைக்கு எத்தனை குட்டி?"

செஃபாலி கையை மறுபடி கம்பளிக்குள் இழுத்துக்கொண்டார்.

"ஒண்ணுகூட இல்ல. அதான் அளவு மீறிடுச்சு. செத்ததும், மிச்சமிருந்த வண்டைத் தொட்டியில போட்டுப் படம் எடுத்தீங்க. எந்த வண்டுன்னு எவன் பார்க்கப்போறான்னு நெனச்சீங்க."

செஃபாலி பெஞ்சில் சரிந்தார். "கொன்னது நான்தான்னு சொல்லிக்கோங்க. ஏன்னு மட்டும் தலைவர்கிட்ட சொல்லிடாதீங்க. ஊரு சிரிக்கும்."

மொஹாலே பெஞ்சருகே வந்து நின்றார். "என் தீவனத்துல குத்தமில்ல, என் மகன் மேல குத்தமில்லன்னு உங்க வாயால சொல்லணும். மருந்து கொடுத்தேன், ஒத்துக்கலன்னு முடிச்சுக்கோங்க."

"எதுக்கு மருந்துன்னு தலைவர் கேப்பாரே?" என்றான் மொலிசே.

"இருமலுக்கு!" என்றார் செஃபாலி அவசரமாக.

லினேயோகூடச் சிரித்துவிட்டார். கொபானோ சிரிக்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பாராமல் கொட்டில் பக்கம் போனான்.

பரம்பரையின் பெயர் பிழைத்துவிட்டது. மொஹாலே எழுந்தார். யார் பின்னாலும் போய்ப் பழகாதவர், மகன் பின்னால் வேகமாக நடந்தார்.