ஆயில் ஊற்றிய கை

மரவள்ளிக் கிழங்கு துருவுகிற மேஜைமேல் அன்று காலையில் படகு மோட்டார் கிடந்தது.

கீரைக்கட்டோடு சமையல் குடிசைக்கு வந்த எலிவினா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இதை யாரு இங்க தூக்கி வச்சது?"

"நான்தான் அத்தை. பக்கத்து வீட்டு ஜூனாவும் அவ தங்கச்சியும் ஒரு கை பிடிச்சாங்க," என்றாள் நோலின். அடுப்பை ஊதுவதை அவள் நிறுத்தவில்லை.

"வீட்டுக்கு அடியில கிடந்த சவத்தைக் கொண்டுவந்து சமைக்கிற எடத்துல வச்சிருக்க... உன் மாமனாரைக் கொன்ன சாமான் இது. இதைப் பாத்துக்கிட்டே நான் இங்க உக்காந்து சாப்பிடணுமா?"

நோலின் அடுப்பில் இன்னொரு விறகைச் செருகினாள். மாமியாரை அவள் எதிர்த்துப் பேசிப் பத்து மாதம் ஆகியிருந்தது.

பத்து மாதத்துக்கு முன் ஒரு விடியற்காலையில் மாமனார் ரூபெனுக்கு நெஞ்சுவலி வந்தது. வெல்லா தீவில் அவர்கள் ஊர் இருந்த கரையில் டாக்டர் இல்லை. கடலைக் கடந்து கீசோ ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். ஊரின் மற்ற ஆண்கள் எல்லாரும் சூரை மீனுக்குப் போயிருந்தார்கள். நோலினின் கணவன் சைலஸ், தகப்பனைத் தூக்கிக்கொண்டுபோய்ப் படகில் கிடத்தினான். ஆள் குறைந்தால் படகு வேகமாகப் போகும் என்று பெற்ற தாயைக்கூட அவன் ஏற்றிக்கொள்ளவில்லை. பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டியவளும், கேனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து கொடுத்தவளும் நோலின்தான்.

பாதிக் கடலில் மோட்டார் இறுகி நின்றுபோனது. நாலு மணி நேரம் படகு நீரோட்டத்தின் போக்கில் மிதந்தது. அந்த வழியாகக் கொப்பரைத் தேங்காய் ஏற்றி வந்த படகு ஒன்று கட்டி இழுத்து வந்தபோது ரூபென் மகன் மடியில் இறந்துபோயிருந்தார்.

அடக்கம் முடிந்த மறுநாள், கொழுந்தன் ஜெஸ்மன் மோட்டாரின் கயிற்றை இழுத்துப் பார்த்தான். அசையவில்லை. மோட்டார் வேலை தெரிந்தவன் என்று ஊரில் அவனுக்குப் பெயர். இந்த மாதிரி டூ-ஸ்ட்ரோக் மோட்டாருக்கு ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போக வேண்டும், வெறும் பெட்ரோலை ஊற்றினால் இப்படித்தான் இறுகிக்கொள்ளும் என்றான். அண்ணி அவசரத்தில் மறந்திருப்பார்கள், பாவம் என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். கெட்ட எண்ணத்தோடு சொன்னதல்ல. ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் ஊரில் எல்லா அடுப்படியிலும் அதே பேச்சு.

நோலின் அழுதாள். 'நான் கலந்தேன்' என்று அடித்துச் சொல்ல அவளால் முடியவில்லை. அவளுக்கே அது நினைவில் இல்லை. மாமனார் முனகியது நினைவிருந்தது. சைலஸ் அவள் பெயரைச் சொல்லிக் கத்தியது நினைவிருந்தது. ஆயில் புட்டியைத் திறந்த நினைவு மட்டும் இல்லை. புட்டி பாதி இருந்தது. முந்தின நாளும் பாதிதான் இருந்ததா? எத்தனை யோசித்தும் விடை கிடைக்கவில்லை.

சைலஸ் தன் தாய் வீட்டில் போய்ப் படுக்க ஆரம்பித்தான். அவர்கள் மகள் விடுதிப் பள்ளியில் இருந்தாள். வீட்டில் தனியாகிவிட்ட நோலின் தோட்டத்துக்குப் போனாள், வந்தாள், மாமியாருக்குச் சமைத்தாள், ஏச்சை வாங்கிக்கொண்டாள். வேறு தீவிலிருந்து வாழ வந்தவளுக்கு இந்த ஊரில் பரிந்து பேச யாரும் இல்லை.

வருஷ நினைவு நாளுக்கு ஏழு வாரம் இருந்தது. கல்லறைக்கு சிமென்ட் பூசி, ஊரைக் கூட்டி விருந்து வைக்க வேண்டும். அன்றைக்கு நோலின் எழுந்து எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டுவிட்டால் இந்த விஷயம் முடிந்துவிடும் என்று குடும்பத்தில் பேசி முடித்தார்கள். போதகரும் நல்லது என்றார். அந்தச் செய்தியை ஜெஸ்மன் வந்து சொல்லிவிட்டுப் போன மறுநாள்தான் மோட்டார் மேஜைக்கு வந்தது.

"மன்னிப்புக் கேக்கறேன் அத்தை," என்றாள் நோலின், அடுப்பை விட்டு எழுந்து. "ஆனா அதுக்கு முன்னாடி இதைத் திறந்து பாக்கணும். என் கைதான் மாமாவைக் கொன்னுச்சுன்னா, அதை நான் என் கண்ணால பாத்துட்டுக் கேக்கறேன்."

"ஜெஸ்மனுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சுடப் போகுது?"

"தெரியுமா தெரியாதான்னு ஏழு வாரத்துல பாத்துடலாம்."

எலிவினா கீரைக்கட்டைத் தரையில் போட்டுவிட்டுப் போனாள். அன்று முதல் அந்தக் குடிசைக்குள் அவள் கால் வைக்கவில்லை.

நோலினுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன், சொய்சல் தீவில் மிஷன் தொழிற்பள்ளி ஒன்றில் ஒரு வருஷம் மோட்டார் வேலை படித்தவள். வகுப்பில் இரண்டே பெண்கள். கட்டிக்கொண்டு வந்த வீட்டில் கொழுந்தன் மோட்டார் வேலைக்காரன் என்பதால் ஸ்பானரை அவள் கையில் யாரும் கொடுத்ததில்லை, அவளும் கேட்டதில்லை. இத்தனை வருஷம் கழித்து இரும்பைத் தொட்டபோது கை தயங்கவில்லை. அதில் அவளுக்கே ஆச்சரியம்.

பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக வெறும் மண்ணெண்ணெய் ஊற்றி ஐந்து நாள் ஊற விட்டாள். உப்பில் துருவேறிய போல்ட்டுகளைத் தேங்காய் மட்டை நெருப்பில் சூடுபண்ணித் திருப்பினாள். இரண்டு போல்ட் ஒடிந்தது. அவற்றைத் துளைபோட்டு எடுக்க இரண்டு நாள் ஆனது. விரல் முட்டிகளில் தோல் உரிந்தது. வேலி ஓரம் போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, செத்த மோட்டாருக்குப் பிரசவம் பார்க்கிறாள் என்று சிரித்தார்கள். அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

மேல்மூடியைக் கழற்றியதும் ஒன்று தெரிந்தது. மேல் சிலிண்டரில் பிஸ்டன் உரசி, அலுமினியம் சுவரோடு இழுத்துக்கொண்டு போயிருந்தது. ஆயில் இல்லாமல் போனாலும் இப்படி ஆகும், சூடு மிஞ்சினாலும் ஆகும். நிச்சயமாகத் தெரிய வேண்டுமானால் அடியில் கிராங்க் தண்டு சுழலும் அறையைத் திறக்க வேண்டும். வெறும் பெட்ரோலில் ஓடியிருந்தால் அங்கே பேரிங்குகள் வெந்து நீலம் பாரித்திருக்கும். ஆயில் போயிருந்தால் பெட்ரோல் ஆவியாகி, ஆயில் மட்டும் அங்கேயே தங்கியிருக்கும்.

அந்தப் பகுதியைத் திறப்பதற்கு முன் நோலின் வெளியே போய்க் கை கழுவிவிட்டு வந்தாள். ஏன் கழுவினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. திரும்பி வந்து மர உளியைச் செருகி, சுத்தியலால் மெல்லத் தட்டினாள். இரண்டு பாதியும் பிரிந்தன.

பேரிங்குகள் பளபளவென்று இருந்தன. நீலமும் இல்லை, துருவும் இல்லை. விரலை வைத்து உருட்டினாள். வழுக்கிக்கொண்டு ஓடியது. விரலை எடுத்துப் பார்த்தாள்... ஆயில்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த விரலைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள். 'ஊத்தியிருக்கேன்... நான் ஊத்தியிருக்கேன்...' அடுப்பில் கிழங்கு தீய்ந்த வாடை வந்த பிறகுதான் எழுந்தாள்.

அப்படியென்றால் சூடுதான். கடல் தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றிக் குளிரவைக்கிற பம்ப், மோட்டாரின் அடிக்கால் பகுதியில் இருந்தது. அதைக் கழற்றினாள். தண்ணீர் நுழைகிற சல்லடையில் அரிசிச் சாக்கின் நைந்த துண்டு ஒன்று அப்பிக் கிடந்தது. உள்ளே ரப்பர் சக்கரம் உருகி, ஒரு இதழ்கூட மிச்சமில்லை.

கடலில் மிதக்கும் சாக்குத் துண்டு யார் பிழையும் இல்லை. ஆனால் மோட்டார் ஓடும்போது பக்கவாட்டில் ஒரு விரல் கனத்துக்குத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். அது நின்றால் ஓட்டுகிறவன் கண்ணில் படாமல் இருக்காது. ஓட்டியவன் சைலஸ்.

அன்று பிற்பகல் படகுக் கொட்டகையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த கணவன் எதிரே போய், உருகிய ரப்பரை வைத்தாள்.

"தண்ணி நின்னதை எப்ப பாத்த?"

சைலஸ் ரப்பரைப் பார்த்தான். ஊசி கையிலிருந்து நழுவியது.

"தீவு முனையைத் தாண்டினதும்," என்றான். "அப்பா மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டு இருந்தாரு. நிறுத்தினா செத்துடுவாருன்னு தோணுச்சு... ஓடற வரைக்கும் ஓடட்டும்னு விட்டேன்."

"நானா இருந்தாலும் ஓட்டியிருப்பேன். அதுக்கு உன்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்." நோலின் அவன் எதிரே உட்கார்ந்தாள். "ஆயில் இல்லைன்னு உன் தம்பி சொன்னப்ப நீ அங்கதானே நின்ன?"

"நின்னேன். அவன் அப்படிச் சொன்னதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு நோலின்... அந்த நிம்மதியை நினைச்சுத்தான் உன் மூஞ்சியப் பாக்க முடியல. அதான் அம்மா வீட்டுக்குப் போனேன்."

அவன் முகத்தை வலையில் புதைத்துக்கொண்டான். அம்மாவிடம் மட்டும் சொல்லாதே, அவள் தாங்க மாட்டாள், அன்றைக்கு நீ மன்னிப்புக் கேட்டுவிட்டால் அதோடு முடிந்துவிடும், காலமெல்லாம் உனக்கு அடிமையாக இருக்கிறேன் என்று என்னென்னவோ சொன்னான்.

"அம்மா தாங்குவாளான்னு கேக்கற. நான் தாங்குவேனான்னு ஒரு நாள் கேட்டியா? ராத்திரி பகலா நான் கொலைகாரியான்னு என்னையே கேட்டுக்கிட்டு இருந்தேன், சைலஸ். என் கையையே நம்பாம இருந்தேன்." அவள் எழுந்தாள். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நினைவு நாள்ல என் பேரைக் கூப்பிடுவாங்க. நான் எந்திரிக்க மாட்டேன். அப்ப என்ன பண்றதுன்னு நீ முடிவு பண்ணிக்க."

அதோடு அவள் வேலை நின்றிருக்கலாம். தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. ஆனால் திறந்ததை மூடி, ஓட வைக்காமல் விடுவதில்லை என்று நினைத்தாள். கீசோவில் உதிரிபாகம் விற்கிறவனின் மனைவிக்குத் தன் தையல் மெஷினைக் கொடுத்துவிட்டு, பிஸ்டன், ரிங், கேஸ்கெட், பம்ப் ரப்பர் எல்லாம் வாங்கிவந்தாள். சிலிண்டர் சுவரில் ஒட்டிய அலுமினியத்தை நாள்கணக்கில் உப்புத்தாளால் தேய்த்து எடுத்தாள்.

ஒரு நாள் ஜெஸ்மன் வந்தான். கிராங்கைப் பார்க்கலாமா அண்ணி என்று கேட்டான். அவள் விலகி நின்றாள். அவன் பேரிங்கை உருட்டினான், விரலைத் துடைத்துக்கொண்டு போனான். அரை மணி நேரத்தில் போல்ட்டுகளை அளவு பார்த்து முறுக்குகிற தன்னுடைய டார்க் ரெஞ்சைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டு மறுபடியும் போய்விட்டான்.

நினைவு நாளுக்கு முந்தின நாள், தண்ணீர் நிரப்பிய டிரம்மில் மோட்டாரை மாட்டிக் கயிற்றை இழுத்தாள். பதினோராவது இழுப்பில் அது இருமி, புகை கக்கி, ஓடத் தொடங்கியது. கிட்டத்தட்ட ஒரு வருஷமாகக் கேட்காத சத்தம் ஊருக்குள் போனது. வேலி ஓரத்தில் நின்ற யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் ஜெபம் முடிந்தது. போதகர் நோலின் பெயரைச் சொன்னார். பெண்கள் வரிசையில் அவள் கைகளை மடியில் வைத்து நேராக உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் முறையும் கூப்பிட்டார். எலிவினாவின் முகம் கறுத்தது. ஊர் சலசலத்தது. உட்கார்ந்தே இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று நோலினுக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆண்கள் பக்கத்திலிருந்து சைலஸ் எழுந்தான்.

எல்லாவற்றையும் சொன்னான். எந்த இடத்தில் தண்ணீர் நின்றது, எந்த இடத்தில் மோட்டார் நின்றது, தகப்பன் கடைசியாக என்ன கேட்டார், பிறகு மனைவிமேல் பழி விழுந்தபோது தான் எப்படி வாயை மூடிக்கொண்டிருந்தான் என்பது வரை. சொல்லி முடித்தவனை ஜெஸ்மன்தான் பிடித்து உட்காரவைத்தான்.

எலிவினா மூன்று நாள் வெளியே வரவில்லை. நாலாம் நாள், தன் கல்யாணத்துக்கு வந்த தாழைப் பாயைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு சமையல் குடிசைக்கு வந்தாள். வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"நோலின்... உன்னை நான் பேசின பேச்சு... அந்த நாக்கு அழுகிப்போகணும். அதுக்கு ஈடா இந்தப் பாயை வாங்கிக்க."

"பாய் வேண்டாம் அத்தை."

"பின்ன என்னதான் வேணும் சொல்லு. கால்ல விழணுமா?"

"அதுவும் வேண்டாம். செவ்வாய்க்கிழமை கீசோ சந்தைக்கு நான் படகு ஓட்டிட்டுப் போறேன். அந்த மோட்டார்தான். நீங்க வந்து முன்பலகையில உக்காரணும். ஊர் பாக்கணும்."

எலிவினா பாயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். வருகிறேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லாமல் போனாள்.

செவ்வாய் காலை கரை நிறைய ஆள். கிழங்கு மூட்டையும் வெற்றிலைப் பாக்குக் கூடையும் ஏறின. சைலஸ் இடுப்பளவு தண்ணீரில் படகைப் பிடித்துக்கொண்டு, தானும் வரட்டுமா என்று கேட்டான்.

"இன்னைக்கு வேண்டாம். சாயங்காலம் இங்க வந்து நில்லு. கயிறு எறியறேன், பிடி. மத்ததை அப்புறம் பாக்கலாம்."

அவன் தலையாட்டினான். அப்போது கூட்டம் விலகியது. ஞாயிற்றுக்கிழமை உடுப்போடு எலிவினா தண்ணீரில் இறங்கி வந்தாள். யார் கையையும் பிடிக்காமல் படகில் ஏறி முன்பலகையில் உட்கார்ந்தாள். நோலின் கயிற்றை இழுத்தாள். இரண்டாவது இழுப்பில் மோட்டார் பிடித்தது.

முனையைத் தாண்டினார்கள். தீவு பின்னால் சிறுத்துக்கொண்டே போனது. கீசோ மலை நீலமாக எழும்ப ஆரம்பித்த இடத்தில் எலிவினா எழுந்து, மூட்டைகளைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் வந்து, மருமகளின் காலடியில் உட்கார்ந்தாள்.

"இங்கதானா?"

"ஆமா அத்தை. சைலஸ் சொன்ன எடம் இதுதான்." நோலின் வேகத்தைக் குறைத்தாள். "கொஞ்ச நேரம் நிறுத்தட்டுமா?"

கிழவியின் கன்னங்களில் கண்ணீர் ஓடியது. கடல் காற்று அதைப் பக்கவாட்டில் இழுத்தது. அவள் மருமகளின் முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையை அதில் சாய்த்தாள்.

"நிறுத்தாத," என்றாள். "இங்க ஒரு தடவை நின்னது போதும். நீ ஓட்டு."

நோலின் கைப்பிடியை முழுக்கத் திருகினாள்.