பதினாலாம் நம்பர் கொண்டுவந்த பிரசாதம்

திருச்சி தென்னூரில் ரெங்கராஜின் மாடி அறைக்கு வருகிறவர்கள் கதவைத் தட்டிவிட்டுக் காத்திருப்பார்கள். அன்று காலை வந்த பெண் தட்டவில்லை. உள்ளே வந்து தாழிட்டு, கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். பதினேழு வயதிருக்கும். முழங்கையில் மதில் ஏறிக் குதித்த சிராய்ப்பு. நீல ரவிக்கையின் தோளில் வெள்ளை நூலால் 14 என்று தைத்திருந்தது.

"உக்காரும்மா. பேரு என்ன?" என்றார் ரெங்கராஜ். இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது தனியாகத் துப்பறிகிறவர். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

அவள் யோசித்தாள். சொந்தப் பெயரைச் சொல்ல யோசிக்கிற ஆளை அவருடைய உதவியாளர் தைரியராஜ் அதுவரை பார்த்ததில்லை.

"அமலராணி. சொல்லிப் பழக்கம் விட்டுப்போச்சு சார். அங்க பேரு சொன்னா அடி."

அவள் 'அங்க' என்றது, கொள்ளிடக் கரையில், ஸ்ரீரங்கத்தின் வடக்கு ஓரத்தில் இருந்த புதுயுக இல்லத்தை. ஆதரவற்ற பெண்களை ஆளாக்குவதாக வாசல் பலகை சொல்லும். உள்ளே காலண்டர் கிடையாது, கடிகாரம் கிடையாது, பெயர் கிடையாது. மணியடித்தால் எழ வேண்டும், மணியடித்தால் படுக்க வேண்டும். வளர்ந்த பெண்களை அவ்வப்போது ஒரு லாரி ஏற்றிக்கொண்டு போகும். எங்கே என்று கேட்கக் கூடாது. வெறும் நம்பராகிவிட்ட பெண்ணை வெளியில் யார் தேடப்போகிறார்கள்? தர்மவான் என்று ஒருவன் பெயர் வாங்கிவிட்டால் அவன் மதிலுக்குள் எட்டிப் பார்க்க நம் ஊரில் யாருக்கும் தோன்றுவதில்லை.

"மாரியாயியக் காணோம் சார்," என்றாள் அமலராணி. "தொட்டியத்துப் பொண்ணு. யாரு புதுசா வந்தாலும் ரகசியமா பேரக் கேட்டு மனசுல வச்சுக்குவா. எங்க அத்தனை பேரு பேரும் அவ ஒருத்திக்குத்தான் தெரியும். அது எப்படியோ தலைவர் காதுக்குப் போயிடுச்சு. முந்தாநாள் பாத்தா அவ பாய் காலி. அவங்க அம்மா வந்து சமயபுரத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னு தலைவர் சொல்றாரு. எங்கிட்ட சொல்லாம அவ போகமாட்டா. இன்னைக்கு சாயங்காலம் லாரி வருது. அதுல ஏத்திட்டாங்கன்னா அவள இனிமே பாக்கவே முடியாது."

மடியிலிருந்து ஒரு வாழையிலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். சர்க்கரைப் பொங்கல்.

"அவங்க அம்மா கொடுத்தனுப்பின அம்மன் பிரசாதம்னு நேத்து எல்லாருக்கும் கொடுத்தாரு. நான் திங்கல."

"பிரசாதமே வந்திருக்குன்னா, நிஜமாத்தான் போயிருப்பா போலிருக்கு," என்றார் தைரியராஜ். அமலராணி முறைத்தாள்.

ரெங்கராஜ் இலையைத் தைரியராஜ் பக்கம் நகர்த்தினார். "கொஞ்சம் வாயில போட்டுப் பாரேன்."

"தபசு காலம் சார். ஈஸ்டர் வரைக்கும் இனிப்பு தொடமாட்டேன்."

ரெங்கராஜின் கை இலைமேல் அப்படியே நின்றது. பிறகு அமலராணியைக் கேட்டார்: "மாரியாயி ஒழுங்கா சாப்பிடுவாளாம்மா?"

"கொஞ்ச நாளா சோறே தொடல சார். ஒருநாள் பூரா ரோட்டுல மேளம் போச்சு. பூத்தட்டு எடுத்துட்டு சமயபுரம் போறாங்கன்னு சொன்னா. அதுலேர்ந்து மோரும் தண்ணியும்தான். சோத்தத் தள்ளிவிட்டதுக்கு அடியும் வாங்கினா."

ரெங்கராஜ் சட்டையை மாட்டிக்கொண்டார். "நீ இங்கயே பத்திரமா இரு."

"நானும் வரேன். என்னைக் காணோம்னா மத்த பிள்ளைங்களுக்குத்தான் அடி விழும்."

சப்-இன்ஸ்பெக்டர் அப்துல் ரஹீமையும் இரண்டு கான்ஸ்டபிள்களையும் அழைத்துக்கொண்டு அவர்கள் இல்லத்துக்குள் நுழைந்தபோது, முற்றத்தில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். எதிரே வெள்ளை ஜிப்பாவில் தலைவர். மதராஸ்காரர், தணிந்த குரல், சிரித்த முகம்.

"பதினாலு, வரிசைக்குப் போ," என்றார். அமலராணி நகரவில்லை.

"அந்தப் பிரசாதம் உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?" என்று கேட்டார் ரெங்கராஜ்.

"நேற்று நானே சமயபுரம் போயிருந்தேன். அந்தப் பெண்ணின் தாயார் சன்னதியில் வாங்கிக் கொடுத்தார். அப்போதுதான் அம்மனுக்கு நைவேத்தியம் ஆகியிருந்தது. சூடுகூட ஆறவில்லை."

"அப்படின்னா நீங்க சமயபுரத்துக்கே போகல," என்றார் ரெங்கராஜ். "மாசிக் கடைசியில பூச்சொரிதல் ஆரம்பிச்சா, அதுலேர்ந்து இருபத்தெட்டு நாள் அந்த அம்மனுக்குப் பச்சைப் பட்டினி. பக்தர்களுக்காக அவளே விரதம் இருக்கா. சமைச்ச நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர், அவ்வளவுதான். இந்தப் பிள்ளைங்க கேட்ட மேளம் பூச்சொரிதல் மேளம். தைரியராஜ் தபசுன்னு சொன்னப்பதான் எனக்கு உறைச்சுது, அம்மனும் இப்ப பட்டினின்னு. இந்தப் பொங்கல் உங்க அடுப்புல வெந்தது. இங்க நடக்கறது வெளிய போகக்கூடாதுன்னு சமையக்காரன் முதல் வாட்ச்மேன் வரைக்கும் வெளியூர் ஆளா வச்சீங்க. உள்ளூர்க்காரன் ஒருத்தன் இருந்திருந்தா, இப்ப பொங்கல் வேண்டாம் சார்னு தடுத்திருப்பான்."

தலைவரின் சிரிப்பு மாறவில்லை. "தாராளமாகத் தேடிப் பாருங்கள்."

தேடினார்கள். கிடைக்கவில்லை. மிச்சம் இருந்தது அடுப்படிக்குப் பின்னால் ஒரு விறகு அறை. சாவி தொலைந்து மாதக்கணக்காகிறது, உள்ளே பாம்பு இருக்கிறது என்றார் தலைவர். அப்துல் ரஹீம் தயங்கினார்.

அமலராணி கதவடியில் குனிந்து உட்கார்ந்தாள். கீழ் இடுக்கு வழியாக எறும்புகள் சாரை சாரையாக வெளியே வந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் வெள்ளையாக ஒரு துணுக்கு.

"சோறு சார்," என்றாள். "பூட்டிக் கிடக்கிற விறகு ரூமுக்குள்ள சோறு எப்படி வரும்? தட்டுல வச்சு உள்ள தள்ளியிருக்காங்க. அவ விரதம். தொட்டிருக்க மாட்டா. அதான் எறும்பு திங்குது."

ரெங்கராஜ் அவளை ஒரு கணம் பார்த்தார். "இத நான் பாக்கலம்மா," என்றார்.

தைரியராஜ் தோளால் இடித்த மூன்றாவது இடியில் கதவு பெயர்ந்தது. விறகுக் கட்டைகளுக்கு நடுவில் மாரியாயி சுருண்டு கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. பக்கத்தில் தட்டு நிறைய, தொடாத சோறு. அமலராணி அவளை மடியில் சாய்த்துத் தண்ணீரை வாயில் விட்டாள். குடித்து முடித்துக் கண்ணைத் திறந்தவள், "ராணி," என்றாள்.

தலைவரின் சிரிப்பு அப்போதுதான் போயிற்று. கான்ஸ்டபிள்கள் அவரை அழைத்துக்கொண்டு போனார்கள்.

மாரியாயியை முற்றத்துக்குத் தூக்கிவந்து மறுபடி அமலராணியின் மடியில் சாய்த்தார்கள். அப்துல் ரஹீம் வரிசையின் முன்னால் நின்று, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லச் சொன்னார். முதலில் எல்லோரும் தலைவர் போன வாசலைத்தான் பார்த்தார்கள். அமலராணி தன் தோளிலிருந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அதைப் பார்த்து ஒருத்தி மெதுவாகத் தன் பெயரைச் சொன்னாள். அடுத்தவளும் சொன்னாள். வரிசையின் கடைசியில் நின்ற சின்னப் பெண் மட்டும் தலைகுனிந்து நின்றாள்.

"உன் பேரு என்னம்மா?"

"முப்பத்தொண்ணு."

"அது நம்பரு. பேரச் சொல்லு."

அவளுக்குத் தெரியவில்லை. நடை பழகியதும் கொண்டுவந்து விட்ட குழந்தை. அந்த மதிலுக்குள் யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவள் உதடு பிதுங்கியது. இன்ஸ்பெக்டராக எத்தனையோ சாவுகளைப் பார்த்த ரெங்கராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அமலராணியின் மடியிலிருந்து மாரியாயி கையை ஊன்றிக் கொஞ்சம் எழுந்தாள்.

"வள்ளிக்கண்ணு," என்றாள். "அவள விட வந்த அம்மா வாசல்ல நின்னு அழுதுகிட்டே கூப்பிட்டாங்க. நான் கேட்டேன்."

சின்னப் பெண் அந்தப் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு அப்துல் ரஹீம் பக்கம் திரும்பி, சத்தமாக இன்னொரு முறை சொன்னாள்.