முதல் மயக்கம்

நாகப்பட்டினத்தில் இப்போது தெருவைவிடக் கடல் உயரம். இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர் நின்றது. சுவருக்கு அடியில் ஊறிவரும் நீரை நீரேற்றி நிலையத்து இயந்திரங்கள் அள்ளி, கடலிலேயே திருப்பி ஊற்றின. அடுத்த மழைக்காலத்தைச் சுவர் தாங்காது என்று பொறியாளர்கள் சொல்லிவிட்டார்கள். வல்லம் மேட்டில் புது வீடுகளும் கட்டியாயிற்று. ஆனால் யாராவது நகர வேண்டுமே! வாசலில் தண்ணீர் கசிந்தால் ஒரு சாக்கை விரித்துவிட்டு உலை வைக்கப் போய்விடுகிற ஜனங்களை அரசாங்கம் என்னதான் செய்யும்?

மயக்கநீக்கத் துறை என்று ஒன்றைத் தொடங்கியது.

அந்தத் துறையின் கருவிக்குத் தெளிவி என்று பெயர். தொப்பி போலத் தலையில் கவிழ்த்தால் போதும். மனிதனின் அறியாமையைப் பௌத்தர்கள் நான்கு மயக்கங்களாகப் பிரித்திருந்தார்கள். நிலையாததை நிலையானது என்று எண்ணுவது, துன்பத்தை இன்பம் என்று எண்ணுவது, நான் அல்லாததை நான் என்று எண்ணுவது, அழகற்றதை அழகு என்று எண்ணுவது. மூளைக்குள் இவற்றின் இருப்பிடத்தைத் தேடிய விஞ்ஞானிகளுக்கு முதல் மயக்கத்தின் நரம்புப் பின்னல் மட்டுமே அகப்பட்டது. மற்ற மூன்றையும் விட்டுவிட்டு இதை மட்டும் அறுப்பது ஆபத்து என்று ஒரு பிக்கு வந்து எச்சரித்தார். அவருக்குத் தேநீர் கொடுத்து வழியனுப்பி வைத்தார்கள். ஊரைக் காலி செய்ய ஒன்று போதும் என்பது துறையின் முடிவு.

முதலில் பேருந்து ஓட்டுநர்கள் வரை அரசு ஊழியர்களுக்கே தெளிவியை வைத்தார்கள். களத்தில் இறங்கும் அதிகாரிகளுக்கு மட்டும் விலக்கு. வேலையை முடித்தாக வேண்டும் என்ற ஆசை யாருக்காவது இருக்க வேண்டும் அல்லவா?

அப்படி விலக்குப் பெற்றவள் கலைமதி. அவள் பிறந்ததும் இந்தச் சுவரடித் தெருவில்தான். நீரேற்றி நிலையத்தை ஒப்பந்தத்தில் நடத்திவந்த சிங்காரவேலு அவளுடைய சொந்த அண்ணன். அந்த மனிதர்தான் அவளுக்குப் பெரிய தலைவலி.

"நா இருக்குறவரைக்கும் இந்தச் செவுரு நிக்கும். போயி வேலயப் பாரு" என்பார். தெருவே அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டது. அவர் ஒருவர் கிளம்பினால் மொத்தத் தெருவும் பின்னால் கிளம்பிவிடும் என்று கலைமதி கணக்குப் போட்டாள்.

அன்று காலை தெளிவியோடு நிலையத்துக்கே போய் அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

"நீ இங்க கெடந்து சாவுறத நா பாக்கணுமாண்ணே? எனக்காக ஒரு தடவ வச்சுக்க."

தங்கை அழுதால் சிங்காரவேலுவுக்குத் தாங்காது. தலையைக் குனிந்து கொடுத்தார். அதைப் பார்த்து அவருடைய ஆட்கள் இருவரும் வைத்துக்கொண்டார்கள்.

தெளிவியை எடுத்தபோது அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. சுவரை நிதானமாகப் பார்த்தார்.

"இது நிக்காதுதான்" என்றார்.

"பொட்டியக் கட்டலாமாண்ணே?"

"கட்டலாம்."

கலைமதிக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை சுலபமாக முடிகிற காரியத்துக்கா இவ்வளவு நாள் பயந்தோம் என்று நினைத்துக்கொண்டே பேருந்துகளுக்குச் சொல்ல ஓடினாள்.

மாலையில் கடல் ஏறியது. பக்கத்து வீட்டுத் தனபாக்கியம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவந்தாள். "ஏ கலை, வூட்டுக்குள்ள முழங்கா தண்ணி! மோட்டாரு சத்தமே கேக்கல, என்னான்னு பாரு!"

கலைமதி நிலையத்துக்கு ஓடினாள். இயந்திரங்கள் ஓய்ந்திருந்தன. ஆட்கள் இருவரும் சன்னலோரம் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிங்காரவேலு முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"ஏண்ணே மோட்டாரு போடல?"

"போடணும்னு தோணல."

"தெருவுல சனங்க இருக்குதுண்ணே! வல்லத்துக்குப் போறோம்னுல்ல சொன்ன?"

"வல்லம் மட்டும் நிக்குமா, கலை? எல்லாம் போறதுதான். நீதானே காட்டுன." அவர் குரலில் கோபமோ குத்தலோ இல்லை.

தொலைபேசியில் பேருந்துப் பணிமனையைக் கூப்பிட்டாள். எடுத்தவர் பொறுமையாகப் பேசினார். "டிரைவருங்க எல்லாம் இங்கதாம்மா இருக்காங்க. வண்டியும் இருக்கு. யாருக்கும் எடுக்கணும்னு தோணல. அந்த ஊரும் ஒருநாள் போறதுதானேம்மா?"

அண்ணனின் மயக்கம்தான் இத்தனை வருஷமும் சுவரைத் தாங்கியிருந்தது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதைத் தன் கையாலேயே அறுத்துப் போட்டிருந்தாள்.

விசையை அழுத்தினாள். இயந்திரங்கள் உறுமின. ஆனால் நீர் வெளியேறக் கடல் பக்கத்து மதகு திறக்க வேண்டும். மதகுச் சக்கரத்தின் பூட்டு உடைந்து வெகுகாலமாயிற்று. கடல் ஏறும்போதெல்லாம் மூவரும் ஆள்மாற்றி அதைப் பிடித்து நிற்பார்கள். கலைமதி சக்கரத்தில் தொங்கி, முழு பலத்தோடு திருப்பினாள். மதகு திறந்தது. கையைத் தளர்த்தினால் உடனே மூடிக்கொள்ளும்.

"ஒரு கை புடிண்ணே! தனபாக்கியம் புள்ளைங்களத் தூக்கிக்கிட்டு ஒசரமான எடத்துக்குப் போயிரட்டும்! அதுவரைக்கும் புடி!"

சிங்காரவேலு எழுந்தார். அவள் கன்னத்தில் வழிந்த கண்ணீரையும் உள்ளங்கையில் கசிந்த ரத்தத்தையும் பார்த்தார். அவர் கண்ணில் உண்மையான இரக்கம் தெரிந்தது. எதுவும் நிலைக்காது என்று கண்டுகொண்ட பிறகும் தங்கை மேல் உள்ள பாசம் அவரை விட்டுப் போகவில்லை.

"எம்மாம் கஷ்டப்படுற" என்றார். மேசைக்குப் போய் அங்கே கிடந்த தெளிவியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"வேணாம்ண்ணே. ஒன்னக் கும்புட்டுக் கேக்குறேன், வேணாம்."

"வலிக்காது. அழுவயே வராது பாரு."

கையை எடுத்தால் அவரைத் தள்ளிவிடலாம். கையை எடுத்தால் மதகு மூடிவிடும். தெருவில் தனபாக்கியம் யார் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம் கேட்டது. சிங்காரவேலு அவள் தலைமுடியை அன்போடு ஒதுக்கிவிட்டார். தெளிவியின் குளிர்ந்த விளிம்பு நெற்றியில் பட்டபோது கலைமதி சக்கரத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.