படத்தில் இல்லாத வசனம்

படத்தில் யாரோ தமிழ் பேசினார்கள்.

வடகடல் தீவு ஒன்றில் எடுத்த படம் அது. இரண்டு கிழட்டு மீனவர்கள் பனி படிந்த கரையில் ஒரு படகைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய மூச்சும், கூழாங்கற்களில் படகின் அடி உரசும் சத்தமும், ஓயாமல் வீசும் காற்றும் தவிர வேறு ஒலியே இல்லாத காட்சி. அந்தக் காற்றுக்கும் அடியில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, ஒரு பெண் குரல் "டேய் சரத்" என்றது.

சரத் ரிமோட்டை எடுத்துக் காட்சியைப் பின்னால் ஓட்டினான். மூச்சு, கூழாங்கல், காற்று. குரல் இல்லை.

"என்னாச்சு?" என்றாள் அவன் மனைவி வைஷாலி. சோபாவின் மறுமுனையில் காலை மடக்கி உட்கார்ந்து காராபூந்தி தின்றுகொண்டிருந்தாள்.

"யாரோ என் பேரச் சொன்ன மாதிரி இருந்துச்சு."

"கீழ யாராச்சும் கூப்ட்டிருப்பாங்கலா."

இருக்கலாம். தேக்கா சந்தையை ஒட்டிய வீவக அரசுக் குடியிருப்பின் அடுக்குமாடியில் அவர்கள் வீடு. ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் சாலை முழுக்க ஆட்கள். சந்தையின் மீன் வாடையும் பூக்கடைகளின் மல்லிகை மணமும் கலந்து, பல நூறு பேர் ஒரே நேரத்தில் பேசும் இரைச்சலோடு சன்னல் வழியே மேலேறி வரும். அதில் ஒரு சரத் இல்லாமலா போவான்? அவன் படத்தைத் தொடர்ந்தான்.

வாரம் ஒரு படம், ஒவ்வொன்றும் வேறொரு நாட்டுப் படம், பார்த்த ஒவ்வொன்றுக்கும் இணையத்தில் தமிழில் ஒரு விமர்சனம் என்று ஆண்டுத் தொடக்கத்தில் சரத் தனக்குத்தானே ஒரு சவால் விட்டுக்கொண்டிருந்தான். சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் அவனுக்கு வேலை. உலகத்தின் எல்லா ஊர்ப் பெயர்களும் பெட்டிகளில் ஒட்டிய சீட்டுகளாக அவன் கையைக் கடந்து போயின; அவன் எல்லையிலுள்ள ஜொகூர் பாலத்தைத் தாண்டியதே சில முறைதான். ஊர்களைப் படத்திலாவது பார்த்துவிடலாம் என்று ஆரம்பித்தான். பாலர் பள்ளி ஆசிரியையான வைஷாலி முதலில் கேலி செய்தாள். பிறகு அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மீனவர் படத்தின் விமர்சனத்தை விளையாட்டாக முடித்திருந்தான்: 'உலகத்தின் அந்த மூலையிலும் என் பெயரை ஒருவர் கூப்பிடுகிறார்.' மறுநாள் வேலையிடத்துக் கேன்டீனில் சுஹைப் தேநீர்க் குவளையோடு எதிரே வந்து உட்கார்ந்தார். சுஹைப் அவனுக்கு மூத்த ஊழியர். அவன் எழுதுவதை ஒன்று விடாமல் படிப்பவர்.

"நானும் அந்தப் படம் பாத்தேன்லா. உன் பேரு எங்கப்பா வருது?"

"படகு தள்றாங்கல்ல, அங்க பாய்."

சுஹைப் கைப்பேசியிலேயே அந்த இடத்தைத் தேடிப் போட்டார். இருவரும் ஆளுக்கொரு காதில் இயர்ஃபோனைச் செருகிக்கொண்டு கேட்டார்கள். காற்று மட்டும் வீசியது.

"ஷிப்ட் முடிஞ்சு தூங்காம படம் பாத்தா காத்துகூட பேசும்," என்று சிரித்தார் சுஹைப்.

சரத்தும் சிரித்தான்.

அடுத்த படத்தில் ஒரு பாலைவனம். புழுதி அப்பிய பேருந்து ஒன்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தது. நடுவழியில் பேருந்து நின்றுவிட, ஓட்டுநர் இறங்கிச் சக்கரத்தை உதைத்துவிட்டுத் தன் காலைப் பிடித்துக்கொண்டு குதித்தபோது வைஷாலி வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு சேர்ந்து, இன்னும் கொஞ்சம் கிட்டத்திலிருந்து, அதே குரல் வந்தது.

"இருட்டா இருக்குடா. லைட்ட போடேன்."

இந்த முறை சரத் பின்னால் ஓட்டிப் பார்க்கவில்லை. கை ரிமோட்டின் மேல் அப்படியே கிடந்தது. திரையில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அந்தக் குரலை அவனுக்குத் தெரியும். பாலிடெக்னிக்கில் படித்த நாளிலிருந்து தெரியும். பல் வலித்தால் எப்படி ஒலிக்கும், பொய் சொன்னால் எப்படி இழுபடும் என்பதுவரை தெரியும்.

அது வைஷாலியின் குரல்.

பக்கத்தில் திரும்பிப் பார்த்தான். வைஷாலி சிரித்து முடித்து வாயை மூடிக்கொண்டிருந்தாள். பேருந்தை அவள் பார்க்கவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, படத்தப் பாருங்க," என்றாள்.

அன்று படுக்கையில் அந்த ஒரு சொல் அவனை உறுத்திக்கொண்டே கிடந்தது. பாருங்க. கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் அவள் அவனை 'டேய்' என்றுதான் கூப்பிட்டாள். அவன் அம்மா முன்னால்கூட. அம்மா முறைத்தால், "பழகிருச்சு அத்தை" என்று சொல்லி அடுத்த வாக்கியத்திலேயே மறுபடி 'டேய்' என்பாள். அவள் எப்போது மாறினாள்?

யோசிக்க யோசிக்க ஒரு மழை நாள் நினைவுக்கு வந்தது. அன்று சாங்கியில் அவனுக்குக் கூடுதல் வேலை. அந்த வாரத்துப் படத்தை அவள் தனியாகப் பார்த்துவிட்டாள். அவன் வந்து கதவைத் திறந்தபோது விளக்கு எதுவும் இல்லை. படம் முடிந்து திரை வெறும் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் அவள் முதுகை நிமிர்த்தி, கைகளை மடியில் வைத்து, புகைப்படத்துக்கு உட்கார்ந்தவள்போல உட்கார்ந்திருந்தாள். படம் எப்படி என்று கேட்டான். "நல்லா இல்ல. நீங்க பாக்க வேணாம்," என்றாள். என்னடி திடீர்னு மரியாதை என்று அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள், ஒரு கணம் தாமதமாக. பிறகு அந்தப் படத்தை எவ்வளவு தேடியும் அவனுக்குக் கிடைக்கவில்லை.

அவன் மெல்லத் திரும்பினான். அவள் பக்கவாட்டில் படுத்து, வாயை இறுக மூடி, சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அவளிடமிருந்து அதே தேங்காய் எண்ணெய் வாசனை வந்தது. அதே முகம்தான். கட்டிலின் ஓரம்வரை அவன் நகர்ந்து போயிருந்தது அவனுக்கே பிறகுதான் தெரிந்தது.

அடுத்த படத்துக்கு அவன் காதை மூடும் பெரிய ஹெட்ஃபோனை எடுத்துவந்தான். சத்தத்தை நுணுக்கமாகக் கேட்டு எழுதப்போவதாகச் சொன்னான். தொலைக்காட்சியின் ஒலி முழுவதும் ஹெட்ஃபோனுக்குள் வந்துவிட, அறை ஊமையானது. ஒரு மலைக்கிராமத்து ரொட்டிக்கடைக்காரரின் கதை. மாவு பிசையும் சத்தம், அடுப்பில் விறகு வெடிக்கும் சத்தம், தெரியாத மொழியில் கொஞ்சம் பேச்சு. வேறு எந்தக் குரலும் இல்லை. பாதிப் படம்வரை இல்லை. அவனுக்குக் கண்ணில் நீர் வரும்போல் இருந்தது. தொலைக்காட்சியில்தான் கோளாறு. வேறொன்றுமில்லை.

காது வியர்த்தது. ஒரு பக்கத்தை மட்டும் விலக்கினான்.

"அவகிட்ட காட்டிக்காத," என்றது குரல்.

தொலைக்காட்சி ஊமையாக இருந்தது. ரொட்டிக்கடைக்காரர் சத்தமில்லாமல் வாயசைத்துக்கொண்டிருந்தார். குரல் திரையிலிருந்து வரவில்லை. இடது பக்கத்திலிருந்து வந்தது. வைஷாலி உட்கார்ந்திருந்த பக்கம். அவள் முறுக்கை மென்றுகொண்டிருந்தாள். மெல்ல, வாய் திறந்து மூடி, திறந்து மூடி.

"சரத்... கேக்குதா... நான் இங்கதா..."

வாய் மூடும்போது குரல் அறுந்தது. திறக்கும்போது வந்தது. சாத்தித் திறக்கும் கதவுக்குப் பின்னால் ஒருவர் பேசுவதுபோல.

"என்ன பாக்குறீங்க?" என்றாள் வைஷாலி.

"ஒண்ணுமில்ல. தண்ணி குடிக்கணும்."

அவன் தண்ணீர் குடிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு மின்தூக்கியில் இறங்கி, சாலைக்கு வந்துவிட்டான். வெளியே இன்னும் பகல்தான். ஞாயிற்றுக்கிழமை. கறுத்த வானத்திலிருந்து முதல் துளிகள் விழ, கடைகளின் முன்னிருந்த ஐந்தடி நடைபாதைகளில் கூட்டம் ஒதுங்கியது. பூக்கடைக்காரப் பெண் மாலைகளின் மேல் பிளாஸ்டிக்கை இழுத்துவிட்டாள். நகைக்கடைக் கண்ணாடிக்குள் விளக்குகள் எரிந்தன. இவ்வளவு பேருக்கு நடுவில் நின்று சுஹைப்பை அழைத்தான்.

"பாய், உங்க வீட்டுக்கு வரலாமா?"

"வாயேன்லா. ஏன், குரலு ஒரு மாதிரியா இருக்கு? வைஷாலிக்கு உடம்பு எதுவும் சரியில்லையா?"

வைஷாலிக்கு என்ன? எந்த வைஷாலிக்கு? "அப்புறம் பேசறேன் பாய்," என்று வைத்தான். வைத்ததுமே கைப்பேசி அதிர்ந்தது.

"எங்க இருக்கீங்க?" என்றாள். "மழ வருது. படம் பாதியில நிக்குது. மேல வாங்க..."

கடைசிச் சொல்லை இழுத்தாள். இழுத்த அந்த 'ஆ'வுக்குள்ளிருந்து, மூச்சுத் திணறலோடு, இன்னொரு குரல் கத்தியது.

"வராதடா!"

இணைப்பு அறுந்தது.

மழை வலுத்தது. அவன் நனைந்துகொண்டு நின்றான். சுஹைப் வீடு பேருந்தில் அரை மணி நேரம். நிறுத்தம் எதிரேதான் இருந்தது. ஒரு பேருந்து வந்து, கதவைத் திறந்து, கதவை மூடிப் போனது. வராதே என்று சொன்னது வைஷாலி. இவ்வளவு நாளும் இருட்டில் இருந்து அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த வைஷாலி. அதனால்தான் அவன் மேலே போனான்.

வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. திரைச்சீலைகளை இழுத்துவிட்டிருந்தாள். தொலைக்காட்சியில் ரொட்டிக்கடைக்காரர் உறைந்து நின்றார். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் வைஷாலி சோபாவில் தலையைப் பின்னால் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். சன்னலில் மழை அடிக்கும் சத்தம். அவன் சட்டையிலிருந்து தரையில் நீர் சொட்டும் சத்தம். சாம்பிராணி புகைந்து அணைந்த வாடை.

அவள் வாய் திறந்திருந்தது.

அவன் கிட்டே போனான். முழங்காலிட்டான். காதை அந்த வாயருகே கொண்டுபோனான். மூச்சுக்காற்று வரவில்லை. உள்ளேயிருந்து அழுகை வந்தது. நெடுந்தொலைவில், நீண்ட நடைபாதையின் கடைசியில் உட்கார்ந்து ஒருத்தி அழும் சத்தம்.

"வைஷு," என்றான் அந்த வாய்க்குள்.

அழுகை நின்றது.

ஏதோ நகர்ந்தது. உரசல். ஓடி வரும் வெறுங்கால்கள். கிட்டே. இன்னும் கிட்டே.

கைப்பேசியின் விளக்கைப் போட்டு உள்ளே காட்டினான். பற்கள். நாக்கு. நாக்கின் கடைக்கோடியில், தொண்டை தொடங்கும் இருட்டில், நான்கு விரல் நுனிகள். சுவர் விளிம்பில் தொங்குபவரைப்போல் அவை நாக்கைப் பற்றிக்கொண்டிருந்தன. ஒரு நகம் உடைந்திருந்தது.

அவன் யோசிக்கவில்லை. கையை விட்டான். உள்ளே சூடாக இருந்தது. பற்கள் மணிக்கட்டில் உரசின. விரல்கள் அவன் விரல்களைத் தொட்டன, தடவின, தெரிந்துகொண்டன.

அவன் இழுத்தான்.

அவை தள்ளின.

பற்றிக்கொள்ளவில்லை. உள்ளங்கையை அவன் உள்ளங்கையில் வைத்து, பலம் முழுவதையும் கூட்டி, அவனை வெளியே தள்ளின. "போடா," என்றது குரல். "போடா, போயிரு, போயிரு."

சோபாவில் கிடந்தவள் கண்களைத் திறந்தாள்.

அவற்றில் தூக்கம் இல்லை. கோபமும் இல்லை. படம் பார்க்கும்போதெல்லாம் அவனையே பார்த்துக்கொண்டிருந்த பொறுமைதான் இருந்தது. அவள் மடியில் கிடந்த கை எழுந்தது. அவன் முன்கையைச் சுற்றிப் பிடித்தது.

உள்ளே ஒரு கை அவனைத் தள்ளியது. வெளியிலிருந்து ஒரு கை அவனை உள்ளுக்கு இழுத்தது. இரண்டும் ஒரே கை. ஒரே நகம் உடைந்திருந்தது.

முழங்கை உள்ளே போனது.

வாய் இன்னும் அகலமாகத் திறந்தது.