கூட்டாமல் விட்ட இடம்

ரோபோ கூடம் முழுக்கச் சுத்தம் செய்திருந்தது, வாசற்கதவுக்கு உள்ளே ஓரிடத்தைத் தவிர. மற்ற இடமெல்லாம் கறுப்பு டைல்ஸ் துடைத்துவிட்ட மாதிரி மினுங்க, அங்கே மட்டும் தூசி அப்படியே வெளுப்பாகப் படிந்து கிடந்தது. ஓர் ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவுதான். செர்வா இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு அதைப் பார்த்தாள். அவளுக்குப் பயம் வரவில்லை. எரிச்சல் முற்றி அழுகைதான் வந்தது.

பின்னே என்ன? இந்தச் சனியனைத் தேர்ந்தெடுக்க அவள் பட்ட பாடு கொஞ்சமா? ஹர்மத்தான் என்கிற வறண்ட பாலைவனக் காற்று வந்தால் குமாசி ஊரில் யார் வீட்டிலும் தரை தரையாக இருக்காது. ஜன்னலைச் சாத்தினாலும், கதவிடுக்கில் துணியைச் செருகினாலும், பாலைவனத்து மாவு எப்படியோ உள்ளே வந்துவிடும். காலையில் துடைத்த தரையில் மதியம் விரலால் பெயர் எழுதலாம். அந்தக் காற்றும் மகள் ஒஹேமா தவழ ஆரம்பித்ததும் ஒன்றாக வந்தன. போதாக்குறைக்குக் குழந்தையின் நெஞ்சில் இழுப்பு. முதல் தடவை மருத்துவமனையில் மருந்துப் புகை பிடித்து அனுப்பினார்கள். இரண்டாம் தடவை டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"துடைப்பத்தைத் தொடாதீங்கம்மா. பெருக்கினா தூசி எழும்பி நேரா இவ நெஞ்சுக்குத்தான் போகும். இன்னொரு தடவை இந்த மாதிரி வந்தா பிஞ்சு நெஞ்சு தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது."

அன்றிலிருந்து ஈரத்துணிதான். ஆனால் செர்வாவுக்கு வீட்டிலிருந்தே வேலை. ஒரு வங்கியின் வாடிக்கையாளர்களிடம் நாளெல்லாம் போனில் திட்டு வாங்குகிற வேலை. கணவன் போவாடி தூரத்தில், தார்க்வாவில், சுரங்க வேலையில் இருந்தான். குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு, காதில் எவனோ கத்திக்கொண்டிருக்க, எத்தனை தடவைதான் குனிந்து துடைப்பாள்?

அதனால்தான் ரோபோ. கைக்கடக்கமான விலையில் ஒன்று போதும் என்று தேட ஆரம்பித்தாள், தலை சுற்றியது. உறிஞ்சும் சக்தி இத்தனை ஆயிரம் என்றான் ஒருவன். அந்த எண்ணை நம்பாதே என்றான் இன்னொருவன். ஆகா ஓகோ என்று எழுதியவர்களெல்லாம் வீடு முழுக்கக் கம்பளம் விரித்தவர்கள். கம்பளத்துக்கு முரட்டு பிரஷ் வேண்டும், வழவழத் தரைக்கு மெத்தென்ற உருளை வேண்டும் என்று ஒரு புண்ணியவானும் சொல்லவில்லை. கடைசியில் புதிதாக, மலிவாக ஒன்றை வாங்கினாள். அதன் ஓரத்து பிரஷ் கோழி சீய்ப்பது போலத் தூசியைச் சுவர்மூலைக்கு விசிறியடித்தது. விற்றவன் திருப்பி எடுக்க மாட்டேன் என்றான். அன்று இரவு ஒஹேமாவின் மூச்சில் விசில் சத்தம் கேட்டது.

அப்புறம்தான் இசாக்காவிடம் போனாள். கப்பலில் வரும் பழைய சாமான் விற்பவன். வெளிநாட்டில் யாராவது போய்ச்சேர்ந்ததும் அவர்கள் வீட்டை அப்படியே வழித்து ஏற்றி அனுப்புவார்கள் போல. மிக்ஸி, சட்டி, நாற்காலி எல்லாம் கலந்து கிடக்கும். அப்படி வரும் துணிமணிக்கு 'வெள்ளைக்காரன் செத்துட்டான்' என்றே ஊரில் பெயர். யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை, புதிய மலிவுச் சாமானைவிட இது உழைக்கும்.

"ஒரே ஆள் இருந்த வீட்டுல ஓடினது மேடம். தேய்மானமே இல்ல, உருளையைத் தொட்டுப் பாருங்க, பூனைக்குட்டி மாதிரி இருக்கு. டைல்ஸுக்குன்னே செஞ்சது."

உருளை உண்மையிலேயே மெத்தென்று இருந்தது. வாங்கி வந்தாள்.

இப்போது அதுவும் இப்படி. செர்வா போனை எடுத்து இசாக்காவைப் பிடிபிடியென்று பிடித்தாள்.

"கறுப்பு டைல்ஸா? மேடம், அதைச் சொல்லவே இல்லியே! அடியில கண்ணு மாதிரி சின்னச் சின்னதா இருக்கும் பாருங்க. கறுப்பைப் பார்த்தா பள்ளம்னு நினைச்சுப் பயந்துக்கும்."

"வீடு முழுக்கக் கறுப்புதான்யா. அந்த ஒரு இடத்துல மட்டும் என்ன பயம்?"

"அதெல்லாம் அப்படித்தான் மேடம். கண்ணு மேல வெள்ளைக் காகிதத்தை ஒட்டிடுங்க. அப்புறம் மாடிப்படியில உருட்டிவிட்டாக்கூடப் போகும்."

ஒட்டினாள். அடுத்த நாள் மதியம், வேலைக்கு நடுவே கிடைத்த இடைவெளியில், சோபாவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அது ஓடுவதைப் பார்த்தாள். வெளியே வெயில் பாலாடை போர்த்தியது போல மங்கியிருந்தது. காற்றில் எங்கோ புல் எரிக்கிற வாசனை. ரோபோ முனகிக்கொண்டே சுவரோரமாகப் போய், மேசைக்காலை மெல்ல மோதித் திரும்பி, ஒழுங்காகக் கோடு கோடாகத் தூசியை வாரிக்கொண்டு வந்தது. வாசற்கதவுக்கு உள்ளே நேற்று விட்ட இடத்தையும் வாரியது. செர்வா அப்பாடா என்று மூச்சுவிட்டாள்.

கூடத்தின் நடுவில் அது நின்றது.

'டக்' என்று ஒரு சத்தம். முன்பக்கத் தகடு எதிலாவது இடித்தால் வருகிற சத்தம். எதிரே வெறும் தரைதான் இருந்தது. ரோபோ பின்வாங்கி, சற்றுத் தள்ளி மறுபடி முன்னே வந்தது. டக். மறுபடி தள்ளி, டக். கட்டிலைச் சுற்றிப் போவது போல அது எதையோ இடித்து இடித்துச் சுற்றி வந்தது. முடிந்தபோது தூசி நீளமாக மிஞ்சியிருந்தது. ஒரு முனையில் குறுகல், கொஞ்சம் தள்ளி அகலம், அப்புறம் மீண்டும் குறுகல். ஆள் நீளம்.

செர்வா காலைக் கீழே வைக்கவில்லை.

"அகோ!"

உள்ளே வரலாமா என்று வாசலில் பக்கத்து வீட்டு போமா அக்காவின் குரல். செர்வா "அமே", உள்ளே வா, என்று பதில் கொடுத்த பிறகுதான் அக்கா செருப்பைக் கழற்றினாள். அந்த ஊரில் யாரும் அப்படித்தான், அமே கேட்காமல் யார் வீட்டிலும் கால் வைக்க மாட்டார்கள். அக்கா கையிலிருந்து, இலையில் சுற்றிய சூடான சோளமாவுக் கென்கேயின் புளிப்பு வாசனை வந்தது.

"ஒஹேமா அம்மா, என்னடி சோபாவுல குரங்கு மாதிரி ஏறி உட்கார்ந்திருக்கே?"

செர்வா தரையைக் காட்டினாள். அக்கா பார்த்தாள், ரோபோவையும் பார்த்தாள்.

"செத்தவங்க துணின்னாலும் வெந்நீர்ல போட்டு அலசிடலாம். இதை எப்படி அலசுவே?"

"அக்கா, நீ வேற! மிஷின்ல கோளாறுக்கா. முதல்ல போட்டப்பவே பாஷை புரியாம ஏதோ பேசிச்சு. ஒரு பொம்பளைக் குரல். கேள்வி கேக்கிற மாதிரி திரும்பத் திரும்பக் கேட்டுச்சு. நான் விளையாட்டுக்கு 'அமே'ன்னேன், நிறுத்திடுச்சு. நல்லா சிரிச்சேன் அன்னைக்கு."

போமா அக்கா சிரிக்கவில்லை.

"கேட்டது யாருன்னு பார்த்தியா?"

"மிஷின்க்கா!"

"மிஷினுக்கு எதுக்குடி அமே? அதைத்தான் நீயே கையில தூக்கிட்டு வந்தியே."

கென்கேயை மேசையில் வைத்துவிட்டு அக்கா போய்விட்டாள். வழக்கமாக ஊர்க்கதை முழுக்கப் பேசாமல் அவள் எழுந்திருக்கவே மாட்டாள்.

செர்வா ரோபோவை அணைத்து அட்டைப்பெட்டியில் போட்டு வெளித் தாழ்வாரத்தில் வைத்தாள். ஈரத்துணியை எடுத்து மண்டியிட்டு அந்த நீளத் தூசியைத் துடைத்தாள். துணி பட்ட இடத்தில் டைல்ஸ் வெதுவெதுப்பாக இருந்தது, இப்போதுதான் யாரோ எழுந்து போன பாய் போல. வெயில் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அந்த இடத்தில் வெயில் விழுவதே இல்லை.

போவாடியிடம் சொன்னபோது அவன் கத்தினான். "புதுசா வாங்குன்னு எத்தனை தரம் சொன்னேன்? கண்டதையும் கொண்டாந்து வச்சுட்டுப் பேய்க்கதை சொல்றே."

"நல்லதா ஒண்ணு வாங்கித் தந்துட்டுப் பேசு. இல்ல, நீ வந்து துடை. இங்க உன் பொண்ணு மூச்சுக்குத் தவிக்கிறா, நீ அங்க குடைஞ்சிட்டு இரு."

அவனே போனை வைத்துவிட்டான். செர்வாவுக்கு யாரையாவது அறைய வேண்டும் போல இருந்தது. அறைய வீட்டில் யாரும் இல்லை.

அதற்கடுத்து வந்த காற்று அந்த வருடத்திலேயே மோசமானது. எதிர்வீட்டுக் கூரைகூடத் தெரியவில்லை. உதடு வெடித்தது, பேசினால் பல்லில் நறநறத்தது. செர்வா இரண்டு முறை துடைத்தாள், இரண்டு முறையும் தரை மறுபடி வெளுத்தது. காலையிலிருந்தே ஒஹேமா இழுக்க ஆரம்பித்திருந்தாள். மெல்லிய விசில், ஒவ்வொரு மூச்சின் முடிவிலும். விலாவுக்குக் கீழே தோல் உள்ளே உள்ளே போய்வந்தது. டாக்டர் தாழ்த்திச் சொன்ன குரல் செர்வாவின் காதிலேயே இருந்தது. மருந்தைக் கொடுத்து, கடைசி அறையில் பாய் போட்டுப் படுக்க வைத்தாள். டாக்சி ஓட்டும் பையனுக்குப் போன் போட்டாள். கண்ணே தெரியவில்லை, காற்று சற்று விட்டதும் வருகிறேன் என்றான்.

அதுவரை? அவள் அட்டைப்பெட்டியைப் பார்த்தாள். தன்னையே திட்டிக்கொண்டாள். மிஷின்தானே. தூசியை எடுக்கத்தானே போகிறது. மகளின் மூச்சைவிட உனக்குப் பயம் பெரிதா? ரோபோவைக் கூடத்தில் ஓடவிட்டு, குழந்தையின் அறைக்கதவைச் சாத்தினாள். வேலை நேரம். காதில் வங்கி வாடிக்கையாளர் ஒருவர் தன் பணத்தைக் காணோம் என்று கத்த ஆரம்பித்தார்.

அவர் கத்தி முடித்துக் காதுக்கருவியைக் கழற்றியபோதுதான் கவனித்தாள். கூடத்தில் முனகல் இல்லை.

முனகல் உள்ளேயிருந்து வந்தது.

சாத்திய கதவு திறந்திருந்தது. செர்வா ஓடினாள். அறையில் வெளிச்சம் காபிக் கறை போலப் பழுப்பாக இருந்தது. ரோபோ பாய்க்கு அப்பால் சுவரோரம் ஊர்ந்துகொண்டிருந்தது. அறையில் பாதி மினுங்கியது. பாயை ஒட்டி, தூசி விடுபட்டிருந்தது. நீளமாக. ஒருக்களித்து. பால் கொடுக்கிற தாய் பிள்ளையோடு ஒட்டிப் படுப்பது போல, முழங்கால் மடங்கிய இடம்கூடத் தெரிந்தது.

ஒஹேமா விழித்திருந்தாள். பக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செர்வா பிள்ளையை வாரி எடுத்தாள். வெளியே போக வேண்டும். ஆனால் கதவுக்கும் அவளுக்கும் நடுவே ரோபோ திரும்பி நின்றது. உதைத்துத் தள்ளிவிட்டுப் போகலாம். அவள் பின்னால்தான் நகர்ந்தாள். முதுகு சுவரைத் தேடியது. சுவர் இன்னும் ஓர் எட்டு பின்னால் இருந்தது.

ரோபோ நேராக அவளை நோக்கி வந்தது.

அவள் பெருவிரலில் பட்டது. டக். பின்வாங்கியது. சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனது.

டக்.

அவள் காலில் இல்லை. அதற்குப் பின்னால்.

டக். டக்.

அது வளைந்து மறுபக்கமாக வெளியே வந்து, வேலை முடிந்தது போல நின்றுவிட்டது. அறை முழுக்க அமைதி. செர்வா உடம்பைத் திருப்பவில்லை. கழுத்தை மட்டும் சற்றுத் திருப்பி, தோளுக்கு மேலாகத் தரையைப் பார்த்தாள். அது வாரிய இடம் கறுப்பாக, கண்ணாடியாக மினுங்கியது. தன் பாதங்களைச் சுற்றி மட்டும் வெளுப்பு. அதற்குப் பின்னே, அவள் குதிகாலை உரசுகிற மாதிரி, தூசியில் இன்னும் இரண்டு பாதங்கள். விரல்கள் அவளைப் பார்த்திருந்தன.

வெறுங்கால். மெலிந்தவை. இடது பாதத்துத் தூசி நசுங்கியது, யாரோ எடையை மாற்றிக்கொண்டது போல.

"ஒஹேமா," என்றாள் செர்வா.

இழுப்பு நின்றிருந்தது. காலையிலிருந்து அவள் கேட்கத் துடித்த மூச்சு. சீராக, ஆழமாக, விசில் இல்லாமல். பிள்ளை அவள் தோளுக்கு மேலே எதையோ பார்த்துச் சிரித்தாள். இரண்டு கைகளையும் நீட்டினாள். தூக்கச் சொல்லி நீட்டுவது போல.

செர்வா இறுக்கினாள். எவ்வளவு முடியுமோ அவ்வளவு.

குழந்தையின் சட்டை இரண்டு அக்குளிலும் மெல்லச் சுருங்கியது. விரல்கள் நுழைகிற மாதிரி. செர்வாவின் கைகளில் மகளின் கனம் குறைந்தது. இன்னும் குறைந்தது.