எதிர் நாற்காலியில் ரூலோஃப்

ரூலோஃப் வீட்டு ஜன்னலுக்குள், மேஜையில் இரண்டு தட்டுப் பட்டாணி சூப் ஆவி பறக்க இருந்தது. சாப்பிட ஒருத்திதான் இருந்தாள். சைக்கிளை விளக்குக் கம்பத்தில் சாய்த்த ஹில்டா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவன் சமையலறைக்குப் போயிருப்பான். வரட்டும். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்காமல் போவதில்லை என்றுதான் அவள் வந்திருந்தாள்.

நெதர்லாந்தின் க்ரோனிங்கனில் நவம்பர் என்றால் சாயங்காலமே இருட்டிவிடும். அந்தத் தெருவில் ஒரு ஜன்னலுக்கும் திரை கிடையாது. மறைக்க எங்களிடம் ஒன்றுமில்லை என்று ஒரு பெருமை. கால்வாயின் பாசி வாடையும், எங்கோ வெங்காயம் வதங்கும் வாசனையும், ஈரச் செங்கல்மேல் போகும் சைக்கிள்களின் சரசரப்புமாக இருந்த அந்தத் தெருவில் நின்று, மஞ்சள் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்த தன் சொந்தத் தங்கை ஜோரினை அவள் பார்த்தாள். ஒரு வருஷம் தன்னிடம் குழைந்தவன், போன மாதம் கைகழுவிவிட்டு, கூடப் பிறந்தவளிடமே பல்லிளித்திருக்கிறான். எத்தனை பெண்கள்! ஒருத்தியின் பிறந்தநாள்கூட அவனுக்கு நினைவிருக்காது. கேட்டால் கன்னத்தில் குழி விழச் சிரிப்பான், கேட்டவளுக்கே கேள்வி மறந்துபோகும்.

ஜோரின் காலி நாற்காலியைப் பார்த்துத் தலையாட்டினாள். வெட்கப்பட்டாள். கையை நீட்டிக் காற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்களும் இப்படித்தாம்மா இருந்தீங்க."

ஹில்டா துள்ளித் திரும்பினாள். எதிர்வீட்டு டியால்ஸ்மா அம்மாள், நாயோடு நின்றிருந்தாள்.

"எப்படி?"

"தனியா. அந்த நாற்காலியப் பார்த்துச் சிரிச்சுச் சிரிச்சுப் பேசுவீங்க."

"தனியாவா? ரூலோஃப் இருந்தானே!"

"அந்த வீட்டுல ஆம்பளைய நான் பார்த்ததே இல்ல. பொண்ணுங்கதான் மாறி மாறி வருவாங்க."

"பார்த்துட்டு வாய மூடிட்டு இருந்தீங்களா? ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"அடுத்தவங்க ஜன்னலுக்குள்ள பார்க்கிறது மரியாதை இல்லையேம்மா." அம்மாள் நாயை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மரியாதையாம்! ஹில்டாவுக்கு அந்தத் தெருவையே கொளுத்த வேண்டும் போலிருந்தது. கண்ணாடியை ஓங்கிக் குத்தினாள்.

"ஜோரின்! எழுந்து வாடி வெளிய!"

தங்கை திரும்பவில்லை. முகத்தைச் சாய்த்துக் கொடுத்தாள். அவள் கன்னத்துச் சதை அமுங்கியது. தொட்ட விரல் இல்லை.

காலி நாற்காலி பின்னால் நகர்ந்தது.

அந்தக் கணமே ஜோரின் நின்றுபோனாள். பாதிச் சொல்லில் வாய் திறந்தபடி. கண் இமைக்கவில்லை. மோவாயில் சூப் வழிந்தது. துடைக்கவில்லை.

மரத்தரை முனகியது. மறுபடி. ஜன்னலை நோக்கி.

கண்ணாடியின் உட்புறம், அவன் உயரத்தில், மூச்சு படர்ந்தது. பின்னால் முகமில்லை. வெறும் அறை.

"கோவமா, கண்ணு?"

அவன் குரல்தான். ஆமாடா, நாயே என்று கத்த வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. வெட்கத்தோடு சிரித்துக்கொண்டிருந்தது.